குடிலுக்குப் போட்ட ராகி

ஈர ராகி புளித்துப்போனால் ஒரு நாற்றம் வரும் பாருங்கள், ஊசிய கூழும் மாட்டு மூத்திரமும் கலந்த மாதிரி, மூக்கில் ஏறிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. டிசம்பர் பிறந்து கடைகளில் நட்சத்திரம் தொங்க ஆரம்பித்தால் மற்றவர்களுக்குக் கேக் வாசனை ஞாபகம் வருகிறதாம். எனக்கு வருவது இந்த நாற்றம்தான், கூடவே அதற்குக் காரணமானவர்கள்மேல் இத்தனை வருடம் கழித்தும் அடங்காத அருவருப்பும்.

பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி, சித்தேரி மலையடிவாரத்தில் எங்கள் ஊர். எங்களைப் போலக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொஞ்சம், மற்றவர்களெல்லாம் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். பாலன் பிறந்த தொழுவத்தைப் பொம்மைகளால் ஜோடிக்கிற "குடிலு"க்கு அன்றைக்குக் கடையில் புல் வாங்கும் பழக்கம் கிடையாது. மண்சட்டியில் எருவும் மணலும் பரப்பி, ராகியைத் தூவி, வெளிச்சம் படாமல் கூடையால் மூடித் தண்ணீர் தெளித்து முளைக்க வைப்போம். திறக்கும்போது வெளிர்மஞ்சளாக இருக்கும், ஒரு வெயில் பட்டால் பச்சையாகிவிடும், அதன்மேல்தான் பாலன் இயேசுவைப் படுக்கவைப்பது. மாரியம்மன் பண்டிகைக்கு "முளைப்பாரி" போடுவதும் இதே மாதிரிதான் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை.

அந்த வருடம் சட்டி போடுகிற வேலையை ஆரோக்கியம் அத்தை கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்பாவின் தங்கை, மாமா லாரி ஓட்டப் போனால் சீக்கிரம் திரும்ப மாட்டார் என்பதால் எங்கள் "வூட்டில்"தான் இருந்தாள். ஆடி மாதம் அவளுக்கு ஆண் குழந்தை பிறந்து, பொழுது சாய்வதற்குள் போய்விட்டது. கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டதற்கு, பங்குச் சாமியார் வராத நாட்களில் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார், "ஞானஸ்நானம் வாங்காத புள்ள, அஞ்ஞானிக் கணக்கு, உள்ள வெக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு சின்ன மேடு, அதற்குச் சிலுவையும் இல்லை, பெயரும் இல்லை. அஞ்ஞானியாம்! கண்ணையே சரியாகத் திறக்காத பிள்ளை எந்தச் சாமியைக் கும்பிட்டதென்று இவர் கண்டார்?

சட்டிகளும் ராகியும் பக்கத்து வீட்டு முனியம்மாக்கா கொடுத்தாள். அவள் முளைப்பாரிக்கென்று வைத்திருந்த சட்டிகள் அவை. "நம்ம காட்டு ராகிதான் ஆரோக்கியம், எந்தச் சாமிகிட்ட போனா என்னா, நல்லா முளைக்கட்டும்" என்றாள். அத்தை கவிச்சி தொடாமல், நெல் கொட்டுகிற குதிருக்குப் பின்னால் இருட்டு மூலையில் சட்டிகளை வைத்துக் காவல் இருந்தாள். கூடையைத் தூக்கி எட்டிப் பார்த்த என்னை, "பச்சப்புள்ளய அப்பிடி முறைச்சிப் பாக்காதடி, கண்ணு பட்டுரும்" என்று விரட்டினாள். பிறகு ஒருநாள் எனக்குத் தலைவாரிவிடும்போது சொன்னாள்: ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்ததும் ஒரு சட்டியை அவள் வாங்கிக்கொள்வாளாம், வேப்பமரத்தடியில் கொண்டுபோய் வைப்பாளாம். "பாலன் படுத்த புல்லுடி. எம் புள்ளைக்கும் அது கெடைக்கட்டும்." அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் பெங்களூரிலிருந்து ஒரு பிரசங்கியார் தியானக் கூட்டம் நடத்த வந்தார். பாபிலோனில் தம்மூஸ் என்று ஒரு தேவன், இளவயதில் செத்தவன், அவனுக்காகப் பெண்கள் உட்கார்ந்து அழுவார்கள் என்றார். கிரேக்கர்கள் அவனைப் போலவே அடோனிஸ் என்று ஒருவனைக் கும்பிட்டார்கள், அவனுக்காகப் பெண்கள் சட்டியில் விதை முளைக்க வைத்தார்கள் என்றார். "நீங்க குடில்ல வெக்கிறது அந்தப் புல்லு! மாரியம்மனுக்குப் போடுறதும் அதே புல்லு!" என்று மைக் அதிரக் கத்தினார். கோயில் முழுக்க ஆமென். போன வருடம்வரை அதே ராகியைத் தூவிய கைகளெல்லாம் படபடவென்று தட்டின. த்தூ! எனக்கு அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் காலையில் உபதேசியார் இரண்டு ஆட்களோடு வந்தார். குதிருக்குப் பின்னால் நுழைந்து சட்டிகளைத் தூக்கி, கொல்லையில் இருந்த எருக்குழியில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். அத்தை அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "எந்த ஆத்தாளுக்கும் போடலீங்க. எம் புள்ளைக்குப் போட்டதுங்க. ஒரு சட்டி மட்டும் வுட்டுருங்க" என்று கெஞ்சினாள். "அதத்தாம்மா பிரசங்கியார் சொன்னாரு, செத்ததுக்கு அழுது புல்லு முளைக்க வெக்கிறது" என்றார் மனிதர், ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்ட மாதிரி. ஒரு குச்சியால் முளைகளைச் சாணிக்குள் அழுத்திவிட்டு, கையைக் கழுவத் தண்ணீர் கேட்டார். எங்கள் அம்மாவும் கொடுத்தாள்!

அந்தப் பக்கம் மட்டும் யோக்கியமா? காலிச் சட்டிகளை நாங்கள் திருப்பிக் கொடுக்கப் போனபோது அங்கே வந்த மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா, வேதக்கார வீட்டுக்குள் போன சட்டி தீட்டு என்று சொல்லி, முனியம்மாக்காவின் கண் முன்னாலேயே அத்தனையையும் போட்டு உடைத்தார். இங்கே அஞ்ஞானம், அங்கே தீட்டு. ஒரு பிடி ராகிக்கு இத்தனை பேர் எஜமானர்கள்.

குடிலில் அந்த வருடம் சாயம் போட்ட மரத்தூளைக் கொட்டினார்கள். மூன்று ராஜாக்கள் திருநாளன்று அத்தை எருக்குழியில் இறங்கி, அழுகிக் கொழகொழவென்று கிடந்த முளைகளைக் கையால் அள்ளி முந்தானையில் கட்டிக்கொண்டு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். அந்த நாற்றத்தில் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவள் மூக்கைக்கூடச் சுளிக்காமல் அதை மேட்டின்மேல் வைத்து, விரலால் நீவிச் சமன்செய்துவிட்டு, பிறகுதான் அழுதாள்.

வளர்ந்தபின் தேடிப் படித்தேன். பிரசங்கியார் புளுகவில்லை. கிரேக்கப் பெண்கள் அடோனிஸுக்காகச் சட்டியில் முளைகட்டி, அது வாடியதும் தண்ணீரில் விட்டு அழுதிருக்கிறார்கள். இத்தாலியில் சில ஊர்களில் ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனுக்கு இருட்டில் கோதுமை முளைக்கவைத்து இன்றும் கோயிலில் வைக்கிறார்கள். ஒன்றிலிருந்துதான் மற்றொன்று வந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வந்தால்தான் என்ன? சின்ன வயதில் செத்ததை நினைத்து அழுகிற பெண்ணுக்குக் கையருகில் விதையும் தண்ணீரும் இருந்தால் அவள் இதைத்தான் செய்வாள், எந்த ஊரிலிருந்தும் இரவல் வாங்க வேண்டியதில்லை. இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு கூட்டம் "எல்லாம் எங்ககிட்ட திருடினது" என்று கொக்கரிக்கிறது, இன்னொரு கூட்டம் "அஞ்ஞான அசுத்தம், விட்டு விலகு" என்று அலறுகிறது. இரண்டையும் படித்தால் அதே எருக்குழி நாற்றம் அடிக்கிறது.

இன்று எங்கள் ஊரில் குடிலுக்கு யாரும் ராகி போடுவதில்லை. தருமபுரிக் கடையிலிருந்து பிளாஸ்டிக் புல்தரை வந்து இறங்குகிறது. அது எந்தத் தேவனுடையதென்று எவரும் கேட்பதில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாமல் வேலியைப் பிடுங்கி மதிலை வெளியே தள்ளிக் கட்டினார்கள், வேப்பமரம் உள்ளே வந்துவிட்டது. உபதேசியார் இறந்தபோது, நல்ல நிழல் என்று அவரை அந்த மரத்தடியிலேயே வைத்தார்கள். அத்தை அப்போது மாமாவோடு தொப்பூரில் இருந்தாள். வந்து பார்த்தபோது மேடு இருந்த இடத்தில் பளபளவென்று கறுப்புக் கிரானைட்.

போன ஜனவரியில் அவளோடு நானும் போனேன். ஒரு கொட்டாங்குச்சியில் முளைத்த ராகியைக் கொண்டுவந்து கிரானைட்டின் நடுவில் வைத்தாள். தன் அப்பாவின் கல்லறைக்கு மாலை போட வந்திருந்த உபதேசியாரின் மகன், "இதெல்லாம் இப்ப யாருங்க அத்தே வெக்கிறாங்க, கல்லுல கறை புடிச்சிரும்ங்க" என்று அதைத் தூக்கிக் கீழே வைக்கப் போனான்.

"எடுத்த எடத்துல வையிடா" என்றாள் அத்தை. அவன் அப்பாவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ங்க" போட்டுக் கெஞ்சியவள்தான். "உங்கப்பனுக்கு இல்ல இது. அவருக்கு அடியில எம் புள்ள படுத்திருக்கான்."

அவன் கொட்டாங்குச்சியை எடுத்த இடத்திலேயே வைத்தான். அது சாய்ந்ததில் எருத்தண்ணீர் சிந்தி, உபதேசியாரின் பெயரின்மேல் வழிந்தது. அத்தை அதைத் துடைக்கவில்லை.