நான் அழித்த பெயர்

கல்லூரியில் நானும் அவனும் ஒரே பெஞ்ச். அவன் வீடு பாலக்கரையில், என்னுடையது ஸ்ரீரங்கத்தில். அப்பாவை அவன் அத்தா என்பான்; அவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். ஆஸ்பத்திரியில் டோக்கனுக்காக நிற்கும்போது, லால்குடியிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்தவர்கள்கூட டோக்கன் தீர்ந்து திரும்பிப் போவதை அவன் பார்த்திருக்கிறான்.

படிப்பு முடிந்ததும் அதற்காகவே கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கிரிப்ட், ஒரு சின்ன நிரல், எழுதினான். தொலைபேசி அழைப்புகளைக் கையாளும் மென்பொருளோடு அதை இணைத்தால் போதும். அழைப்பவரிடம் எந்த நாள் என்று தமிழில் கேட்டு, டோக்கன் எண்ணைச் சொல்லிவிடும். ஆஸ்பத்திரியில் அதை வைத்துக்கொண்டார்கள். பிறகு எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இணையத்தில் போட்டான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் விற்கலாம். உரிமத்தில் இருந்தது ஒரே நிபந்தனை. கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் அவன் பெயரையும் உரிம வரிகளையும் நீக்கக் கூடாது.

நான் தில்லைநகரில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். அந்த ஸ்கிரிப்டை அங்கே கொண்டுபோனது நான்தான். "வேற ஆள் பேரு இருந்தா கிளையன்ட் கேள்வி கேப்பாங்க, எடுத்துடுங்க," என்றார் மேனேஜர். எடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அடுத்த வருடம் அவன் சென்னைக்கு ஒரு இன்டர்வியூவுக்குப் போனான். தன் வேலை என்று இந்த ஸ்கிரிப்டைத்தான் காட்டினான். அவர்களோ எங்களிடம் அதை வாங்கியவர்கள். இன்னொருவர் எழுதியதைத் தன்னுடையது என்கிறான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அவன் விளக்கியதை யாரும் காதில் வாங்கவில்லை.

ரயிலில் வரும்போதே எனக்குப் போன் செய்தான்.

"பேரை எடுத்தது யாருங்க?"

கல்லூரி முழுக்க என்னை 'டா' போட்டுக் கூப்பிட்டவன்.

"நான்தான்டா. மேனேஜர் சொன்னாரு..."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. இலவசமாத்தானே குடுத்தேன்."

போனை வைத்துவிட்டான்.

மறுநாளே மேனேஜரிடம் சண்டை போட்டு அந்த வரிகளைத் திரும்பச் சேர்த்தேன். நடந்ததை எழுதி சென்னைக்கு மெயில் அனுப்பினேன். வேறு ஒருவரை வேலைக்கு எடுத்துவிட்டதாக இரண்டு வரியில் பதில் வந்தது.

இரண்டு மாதத்தில் அவன் துபாய் போய்விட்டான். ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை. கேள்விப்பட்டு பாலக்கரைக்குப் போனேன். அவனுடைய அத்தாதான் கதவைத் திறந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. "கம்ப்யூட்டர் வேலையே வேணாம்னுட்டான் தம்பி. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறான். நீங்களாச்சும் கேட்டுச் சொல்லுங்க," என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

சென்ற மாதம் அவனுடைய இணையப் பக்கத்தில் யாரோ ஒருவர், அந்தத் தொலைபேசி மென்பொருளின் புதிய பதிப்பில் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தார். இரண்டு நாள் உட்கார்ந்து சரிசெய்து, திருத்தத்தை அவன் ஒப்புதலுக்கு அனுப்பினேன். இன்று காலையிலும் பார்த்தேன். அவன் இன்னும் திறக்கவில்லை.