வலிக்காத கழுத்து

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில் இருக்கும் இயந்திர அறையிலோ, அடியில் கிரீஸ் நாறும் பள்ளத்திலோதான் அவனுக்குப் பகல் பொழுது போகும். ஆள் உயரத்தைவிட அகலம் அதிகம். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டு, ஒரே ஒரு நாளைத் தவிர, யாரும் பார்த்ததில்லை; கழுத்து இடம் கொடுக்காது. வலது காது கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி இருக்கும். லிஃப்டில் மாட்டிக்கொண்டதா என்று கேட்பவர்களிடம், "இல்லீங்க, ஸ்கூல்ல ரக்பி ஆடினது" என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவான்.

நான் பேருந்து நிலையத்தில் முன்பதிவு கவுண்டரில் இருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று யார் எகிறினாலும் இந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்குப் பதில் கொடுத்துப் பழகியவள். அதனால் இந்தக் கதையை நான் சொல்வதுதான் சரி. அண்ணனைச் சொல்லச் சொன்னால் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவான்.

சின்ன வயதில் என்னை எங்கே பார்த்தாலும், "கோப்பையைக் கோட்டை விட்டானே, அவன் தங்கச்சிதானே நீ?" என்பார்கள். "ஆமா, கூட பதினாலு பேர் ஆடினாங்க, அவங்களுக்கும் தங்கச்சி இருக்கு, போய்க் கேளுங்க" என்பேன். வாய்த்துடுக்கு என்று அம்மாவிடம் புகார் போகும். அம்மா என்னை ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கும் ரக்பிக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. கணக்கு வாத்தியார் ஒருவர் வந்தார். வகுப்பறையிலும் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்ததால் அவர் பெயர் விசில் சார். மைதானம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றினால் கோல் கம்பம்வரை ஓடும். அந்தச் சரிவில் பதினைந்து பேரை நிறுத்தி, பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் பெயரும் கொடுத்துவிட்டு வந்தார். முதல் ஆட்டத்தில் எங்கள் பையன்களைப் பந்தோடு சேர்த்துச் சுருட்டி ஓரமாக வைத்தார்கள். அண்ணன் வாய் நிறைய மண்ணோடு வீட்டுக்கு வந்தான்.

சார் அசரவில்லை. தோற்றது ஸ்கிரத்தில் என்று கண்டுபிடித்தார். ஸ்கிரம் என்றால், எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிய, எதிரே எட்டுப் பேர் அதேபோல் குனிய, தலைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பூட்டிக்கொள்ளும். நடுவில் பந்தை உருட்டிவிடுவார்கள். பலமாகத் தள்ளுகிறவன் பாடு கொண்டாட்டம். அண்ணன் முன்வரிசையின் ஓரத்தில் நிற்பான். பின்னால் இருப்பவர்களின் பலமெல்லாம் அவன் தோளும் கழுத்தும் வழியாகத்தான் முன்னால் போகும்.

பள்ளிக்குப் பின்னால் ஓடாத வேன் ஒன்று கிடந்தது. அதைத் தள்ளித்தான் பயிற்சி. ஸ்டீயரிங்கையும் கைப்பிரேக்கையும் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஆடுகிறவனை உட்கார வைத்தால் தள்ள ஆள் குறையும். அண்ணனுக்காகக் காத்திருந்த என்னைப் பார்த்து, "ஏம்மா, உனக்கு வேலை இல்லேன்னா ஏறி உட்காரு" என்றார் சார். அந்தப் பருவம் முழுவதும் மாலையில் என் இடம் டிரைவர் சீட். "கொஞ்சம் பிடி, இன்னும் கொஞ்சம்" என்று சார் கத்துவார், நான் பிரேக்கை இழுப்பேன். கண்ணாடியில் பார்த்தால் எட்டு மண்டைகளும் சார் முகமும் தெரியும். "முதுகை நேரா வை, கீழ பார்க்காதே, விழாதே, விழாதே" என்று தொண்டை கட்டும்வரை கத்துவார். எனக்குக் கோபம் வந்த நாட்களில் பிரேக்கைக் கொஞ்சம் அதிகமாகவே இழுத்துவைத்தேன். அப்போதும் வேன் நகர்ந்தது.

பிறகு தோற்கவே இல்லை. ஜெயித்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அண்ணன் கழுத்து ஒரு விரல் தடித்தது. அம்மா ஜெர்சியின் கழுத்தைப் பிரித்து வேறு துணி வைத்துத் தைத்தாள், நிறம் ஒத்துப்போகவில்லை. கேலி செய்த பெரிய பள்ளிக்காரர்களெல்லாம் வரிசையாக வாங்கிக்கட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பெருமையில் பாதி சாருக்குத்தான், அதை நான் மறுக்கவில்லை. அண்ணனுக்குச் சேர வேண்டிய மீதிப் பாதியைத்தான் அவர் பின்னால் தரமாட்டேன் என்றார்.

இறுதி ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் அண்ணனுக்கு நேர் எதிரே நின்றவனை 'மலை' என்றே கூப்பிட்டார்கள். பார்த்தால் காரணம் கேட்கத் தோன்றாது. முதல் பாதி முழுக்க ஸ்கிரத்தில் எங்கள் பையன்களைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் ஓடிவருபவனை மடக்கிப் பிடிப்பதில் எங்கள் பையன்கள் கில்லாடிகள், அதனால் மூன்று புள்ளி முன்னால் இருந்தோம். இடைவேளையில் நான் தண்ணீர் வாளியோடு நடுவில் நின்றேன். சார் அண்ணனை என் பக்கமாகத் தனியே இழுத்தார்.

"நான் தொப்பியைக் கழட்டினா நீ கழுத்தைப் பிடிச்சிட்டு விழுந்துடு. எழுந்திருக்காதே."

"எதுக்கு சார்?"

"உனக்கு மாத்து ஆள் இல்ல. நீ வெளிய போனா ரெண்டு பக்கமும் தள்ளக் கூடாது, அதான் ரூல். ஓடி வரட்டும், பிடிச்சுக்கலாம்."

விதி அப்படித்தான். முன்வரிசை ஆபத்தான இடம். அங்கே ஒருவனுக்கு அடிபட்டு, பழகிய மாற்று ஆளும் இல்லாவிட்டால், அதன் பிறகு குனிந்து பூட்டிக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான். எங்கள் மாற்று ஆள் அரையிறுதியில் தோள் எலும்பை முறித்துக்கொண்டு, கையைக் கட்டித் தொங்கவிட்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

அண்ணன் யோசித்தான். "எனக்கு எங்கயும் வலிக்கலையே சார்" என்றான்.

"வலிக்கணும்னு யாருடா சொன்னா? விழச் சொல்றேன், அவ்வளவுதான்."

ஆட்டம் முடியப்போகிற நேரம். எங்கள் கோட்டுக்குப் பக்கத்திலேயே ஸ்கிரம், பந்து அவர்களுடையது. தள்ளிக்கொண்டே கோட்டைத் தாண்டிவிட்டால் முடிந்தது. சார் தொப்பியைக் கழற்றினார். அண்ணன் பார்த்தான். சார் தொப்பியைப் போட்டு மறுபடியும் கழற்றினார். அண்ணன் குனிந்து தோளைக் கோத்துக்கொண்டான். முதல் தடவை தாங்கினார்கள். ஸ்கிரம் குலைந்தது, ரெஃபரி மறுபடியும் போடச் சொன்னார். இரண்டாவது தடவையும் தாங்கினார்கள். மூன்றாவது தடவை அண்ணனின் கால்கள் மண்ணை உழுதுகொண்டே பின்னால் வந்தன, மலை பந்தோடு கோட்டுக்கு மேல் விழுந்தான். தோற்றோம். அப்போதும் அண்ணன் நின்றுகொண்டுதான் இருந்தான்.

மறுநாள் பள்ளிக் கூட்டத்தில், "ஒருத்தனோட வீம்பு பதினாலு பேர் உழைப்பைத் தின்னுடுச்சு" என்றார் சார். அணியின் படம் எடுத்த அன்று அண்ணனுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. இன்றைக்கும் அந்தப் படம் பள்ளி மண்டபத்தில் தொங்குகிறது. கை கட்டுப் போட்டவன் உள்பட எல்லாரும் இருக்கிறார்கள். விழச் சொன்னவர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், விழாதவனைக் காணோம். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

அவன் திருந்தவும் இல்லை. ஒரு பெரிய ஜவுளிக்கடையில் லிஃப்ட் கதவின் சுவிட்ச் பழுது. கதவு சரியாகச் சாத்தாமலே லிஃப்ட் ஓடும்படி இரண்டு வயரை முறுக்கிவிடு, கூட்ட நேரம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேலாளர். அண்ணன் 'பழுது' பலகையை மாட்டி, அதற்கு முன்னால் தன் பெட்டியைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துவிட்டான். கம்பெனி அவனை ஊரின் மறுகோடிக்கு மாற்றியது. அண்ணி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அந்த மறுகோடியில்தான் எங்கள் பள்ளியின் புதுக் கட்டடமும் அதன் லிஃப்டும் இருந்தன. மாதம் ஒரு முறை மண்டபம் வழியாக, அந்தப் படத்துக்குக் கீழே நடந்துதான் அவன் இயந்திர அறைக்குப் போக வேண்டும். சில மாதங்களில் அந்த ஒரு லிஃப்டை மட்டும் வேறு மெக்கானிக்கிடம் தள்ளிவிட்டான். காரணம் கேட்டதற்கு, "படி செங்குத்தா இருக்கு" என்றான். தினமும் ஏறி இறங்கும் தொழில்காரன் சொல்கிற காரணமா அது? அந்தப் படத்தில் நிற்க அவனுக்கு அவ்வளவு ஆசை.

போன வருடம் பொடியன் போன் செய்தான். முன்வரிசையில் அண்ணனுக்குப் பக்கத்தில் ஆடியவன், இப்போது பெயின்ட் கடை வைத்திருக்கிறான். பழைய அணி கூடப்போகிறது, எதிர் அணியையும் கூப்பிட்டிருக்கிறார்கள், புதிதாக ஒரு படம் எடுத்து மண்டபத்தில் மாட்டப்போகிறார்கள் என்றான்.

"நீயும் நிக்கணும்டா. சார்கிட்ட பேசிட்டேன். மேடையில அவருக்கு ஒரு ஸாரி மட்டும் சொல்லிடு, முடிஞ்சுது."

அண்ணன் போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னான்.

"ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டுப் படத்துல நில்லுங்களேன். வயசான மனுஷர்" என்றாள் அண்ணி.

"அண்ணி, நீங்க சும்மா இருங்க. அண்ணா, நீ ஸாரி சொன்னேன்னா நான் உன்கூடப் பேசமாட்டேன்" என்றேன் நான்.

அண்ணன் போய்ப் புதுச் சட்டை வாங்கினான், கழுத்து அளவுக்கு ஏற்ற மாதிரி தேடித்தேடி.

அணி கூடிய அன்று, மைதானத்தில் போட்ட மேடையில் சாருக்கு மாலை போட்டார்கள். ஆள் சுருங்கியிருந்தார், விசில் மட்டும் அப்படியே கழுத்தில். பொடியன் மைக்கை அண்ணன் கையில் திணித்தான். கூட்டம் முழுக்க அவன் வாயையே பார்த்தது. எங்கே ஸாரி சொல்லிவிடுவானோ என்று நான் அவனையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், நீங்க இல்லேன்னா எனக்கு ரக்பியே தெரியாது. அதுக்கு நன்றி" என்றான். பிறகு மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். "ஆனா அன்னிக்கு எனக்கு வலிக்கல சார். வலிக்காததுக்கு என்னால ஸாரி சொல்ல முடியாது."

கீழே இறங்கிவிட்டான். யாரும் கைதட்டவில்லை. நான் தட்டினேன். சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படம் எடுக்கும்போது அண்ணன் மைதான ஓரத்தில், தேநீர் மேசைக்குப் பக்கத்தில் நின்றான். புதுச் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டிருந்தான். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அடுத்து இரண்டு அணியும் ஸ்கிரம் போடுவது போல ஒரு படம் வேண்டும் என்றார் புகைப்படக்காரர். எண்ணிப் பார்த்தால் முன்வரிசைக்கு ஓர் ஆள் குறைந்தது. தோள் முறிந்தவன் வரவில்லை. அன்றைக்கும் மாற்று ஆள் இல்லை, இன்றைக்கும் இல்லை. பொடியன் சாரைப் பார்த்தான். சார் தரையைப் பார்த்தார். "வாடா" என்று பொடியன் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

"சும்மா குனிஞ்சு நில்லுங்க, யாரும் தள்ள வேண்டாம்" என்றார் புகைப்படக்காரர்.

தொப்பையும் மூச்சிரைப்புமாகப் பதினாறு பேர் குனிந்தார்கள். மலைக்கு இப்போது மண்டையில் ஒரு முடி கிடையாது. தலைகள் பூட்டிக்கொண்டதும் அவன் கேட்டது எனக்கே கேட்டது.

"தள்ளவா?"

"தள்ளு" என்றான் அண்ணன்.

அவ்வளவுதான். புதுச் சட்டையின் பொத்தான் தெறித்தது. முதலில் அண்ணன் ஒருவன்தான் எதிர்த்துத் தள்ளினான். பிறகு பொடியனின் கை அவன் இடுப்பை இறுக்கிப் பிடிப்பதைப் பார்த்தேன். அப்புறம் பின்னால் இருந்தவர்களும் கால்களை ஊன்றினார்கள். மனைவிமார்கள் எழுந்துவிட்டார்கள். புகைப்படக்காரர் காமிராவைத் தூக்கிக்கொண்டு விலகினார். சார் விசிலை ஊதிக்கொண்டே, "நிறுத்துங்கடா, நிறுத்துங்க" என்று ஓடிவந்தார். யார் கேட்டது? மலையின் பக்கம் இன்னும் கனம்தான். எங்கள் ஆட்கள் ஒவ்வோர் அங்குலமாகப் பின்னால் வந்தார்கள். தேநீர் மேசை சாய்ந்து கோப்பைகள் உருண்டன.

சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அண்ணனின் தலைக்குப் பக்கத்தில் குனிந்து, அந்த வேனுக்குப் பின்னால் கத்திய அதே குரலில் கத்தினார்.

"முதுகை நேரா வைடா! கீழ பார்க்காதே! விழாதே, விழாதடா!"

அண்ணன் விழவில்லை. தோற்றான், ஆனால் விழவில்லை. எல்லாரும் பிரிந்து, மூச்சு வாங்க ஒவ்வொருவராகப் புல்லில் சரிந்த பிறகு கடைசியாகத்தான் உட்கார்ந்தான். சார் அவன் முன்னால் வந்து நின்றார்.

"வலிக்குதா?" என்றார்.

"வலிக்குது சார். கழுத்து, இடுப்பு, எல்லாம் வலிக்குது."

சார் தலையை ஆட்டினார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அவன் பக்கத்தில் புல்லிலேயே உட்கார்ந்தார். மன்னிப்பு அவரும் கேட்கவில்லை, இவனும் கேட்கவில்லை. "படம் எடுக்கிறவரைக் கூப்பிடுங்க, நான் எழுந்திருக்கப்போறதில்ல, இப்படியே எடுக்கட்டும்" என்றார்.

அந்தப் படம்தான் இப்போது மண்டபத்தில் பழைய படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. எல்லாரும் மண்ணும் வேர்வையுமாகத் தரையில் கிடக்கிறார்கள். அண்ணன் நடுவில், சாரின் தோளை இடித்துக்கொண்டு, பொத்தான் இல்லாத சட்டையோடு இருக்கிறான். என்னை எவனும் கூப்பிடவில்லை. வேன் பிரேக்கைப் பிடித்தவள் இல்லாமல் அது என்ன அணி என்று கேட்டுக்கொண்டே நானாகப் போய் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். பள்ளி லிஃப்டை அண்ணன் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டான். படி இப்போது செங்குத்தாக இல்லையாம்.