நேர்கோட்டார் தடுத்த அலை

துறைமுகத்தில் அவருக்கு நேர்கோட்டார் என்றுதான் பெயர். கடல்மட்டக் கருவிக்குப் பதினெட்டு வருடமாகக் காவல். கடலுக்குள் இறங்கும் ஒரு குழாய், அதற்குள் ஒரு மிதவை, மிதவை ஏறி இறங்குவதைத் தாளில் கோடாக இழுக்கும் பேனா. இவ்வளவுதான் அவர் ராஜ்யம். கோடு மணப்பெண் புருவம் மாதிரி வழுவழுவென்று இருந்தாக வேண்டும். அவர் கோட்டுக்குப் பயந்து கடலே தலைவாரிக்கொண்டுதான் கரைக்கு வரும் என்று படகுக்காரர்கள் சத்தியம் செய்வார்கள்.

போன மாதம் மனிதர் ஒரு கைவேலை செய்தார். குழாயின் அடியில் தண்ணீர் நுழைய எலுமிச்சை அளவு துளை உண்டு. அதன்மேல் மிளகளவு ஓட்டை போட்ட தகடு ஒன்றைச் சங்கிலியில் கட்டி இறக்கிவிட்டார். தண்ணீர் மெல்லக் கசிந்துதான் உள்ளே வரும்; பிறகு கோட்டில் சின்ன நடுக்கம்கூட இல்லை. யாரிடமும் மூச்சுவிடவும் இல்லை.

ஒருநாள் பெருங்கடலின் அக்கரையில் பூமி குலுங்கியது. தலைமை அலுவலக அதிகாரி போனில் சொன்னார்: "சுனாமி இங்க வர்றப்போ முழங்கால் உயரம்தான், பயமில்லை. காலையில பதினொரு மணிவாக்குல முதல் அலை வரும். அதை மட்டும் விட்டுடாதீங்க. வந்து சேர்ற நேரத்தை வச்சுத்தான் எங்க கணக்கே சரியான்னு பார்ப்போம்."

காலையில் மனைவியும் கருவி அறைக்குக் கூடவே கிளம்பினாள். "இத்தனை வருஷமா என்னதான் பண்றீங்கன்னு இன்னைக்காவது பார்க்கிறேன்."

மணி பதினொன்றைத் தாண்டியது. கோடு அசையவில்லை.

"என்னங்க, படித்துறையில ரெண்டு படி தெரிஞ்சுது. பதினொண்ணு அஞ்சுக்கு ரெண்டும் முழுகிடுச்சு," என்றாள் ஜன்னலருகே நின்றவள்.

"ஏதாவது படகு போயிருக்கும்."

"எல்லாப் படகும் கட்டித்தானே கிடக்கு? இதோ, இப்ப மூணு படி தெரியுது! கடல் ஏறி இறங்குது, உங்க கோடு மட்டும் குறட்டை விடுது."

நேர்கோட்டாருக்குத் தகடு ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ச் சங்கிலியை இழுத்தார். தகடு மேலே வந்ததும் பேனா துள்ளியது. இரண்டாம் அலை, மூன்றாம் அலை எல்லாம் ஒழுங்காக விழுந்தன. முதல் அலை போனது போனதுதான்.

அவர் கை மெல்ல இன்னொரு பேனாவை எடுத்தது.

"வரையப் போறீங்களா?"

"ஒரே ஒரு மேடுதான். யாருக்குத் தெரியப்போகுது?"

"தாராளமா வரைங்க. பக்கத்துல ஒரு மீனும் வரைங்க."

அந்தப் பேனாவைத் தாளின் ஓரத்துக்கு நகர்த்தினார். பிறகு குறிப்புக் கட்டத்தில் எழுதினார்: 'கோடு அழகாக வரத் துளையைக் குறுக்கியது நான். முதல் அலை பதிவாகவில்லை. 11:05க்குப் படிகள் முழுகியதை என் மனைவி பார்த்தார்.'

மறுநாள் அதிகாரி போனில் வறுத்தெடுத்தார். மூச்சு வாங்கிய பிறகு சொன்னார்:

"அந்தத் தகட்டை உடனே இங்க அனுப்பிடுங்க. உங்க வீட்டம்மாவை மட்டும் அந்த ஜன்னல்கிட்டயே வச்சுக்குங்க."