துவக்குப் பிடித்த கை

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் எம்மன்புரூக்கே நகரில் எங்கள் மெதடிஸ்த சபைக்குப் புதிதாக வந்த போதகர், ஊரில் ஆயுத இயக்கமொன்றில் இருந்தவர். பிறகு வாத்தியாராகி, அதன் பிறகே ஊழியத்துக்கு வந்தவர்.

"துவக்குப் பிடிச்ச கையால அப்பம் வாங்கலாமோ?" என்று தொழிற்சாலையில் ஷிப்ட் மாறும்போதெல்லாம் சபைக்காரரிடம் கதைத்தவன் நான்தான்.

அடுத்த திருவிருந்தில் அவர் அப்பத்தை மேசையில் வைத்துவிட்டு, நான் உட்கார்ந்திருந்த மர வாங்கடிக்கு வந்தார்.

"அண்ணை, நீங்கள் சொன்னது உண்மை. நான் சுட்டனான். உங்களோட ஒப்புரவாகாமல் இதை என்னால குடுக்க ஏலாது."

சபை முழுவதும் எங்களையே பார்த்தது.

"ஓம் பாஸ்டர், பரவாயில்லை" என்றேன். எழுந்து போய் அவரிடமே அப்பத்தை வாங்கினேன்.

வாங்கிய என் கையும் துவக்குப் பிடித்ததுதான், வேறொரு இயக்கத்தில். அதை அன்றைக்கும் நான் சொல்லவில்லை.