புளியறைக்குப் போன கடிதம்

பெரியப்பா என் நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டார். அதற்காக இரண்டு மாதம் அவர் முகத்தை நான் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ஐந்தாம் வகுப்பில் முதல் மாணவி. என் நோட்டைத் தொட அவர் யார் என்று தென்காசிக்கே கேட்கும்படி கத்தினேன்.

பர்மா சண்டையிலிருந்து திரும்பியவர் அவர். குற்றாலத்தில் சாரல் தொடங்கி, வீட்டுக்குப் பின்னால் வாழை இலைகளில் மழை விழும் சத்தம் கேட்டால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். ஏன் என்று கேட்டவருக்கு வசவுதான் கிடைக்கும். அப்படி ஒரு நாளில்தான் என்னைக் கூப்பிட்டு, பட்டாளத்தில் தன்னோடு இருந்து செத்துப்போன புளியறைக்காரரின் தாய்க்குக் கடிதம் எழுதச் சொன்னார்.

"ஏட்டி, நான் சொல்லுதத மட்டும் எழுது. காலுல குண்டு பட்டுக் கெடந்தான். தண்ணி கேட்டான். எங்கிட்ட இருந்துச்சு. குடுக்காம ஓடி வந்துட்டேன்."

இதையா எழுதுவது? எங்கள் வீட்டிலிருந்து போகும் முதல் கடிதம், அதுவும் என் கையெழுத்தில். 'நலம், நலமறிய ஆவல்' என்று பள்ளியில் சொல்லித் தந்தபடி தொடங்கி, 'தங்கள் அருமை மைந்தன் என் மடியில் தலைவைத்து வீரமரணம் எய்தினான்' என்று முடித்தேன். வாசித்துக்காட்டச் சொன்னபோது தாளைப் பார்த்தபடி அவர் சொன்னதையே ஒப்பித்தேன். நம்பிவிட்டார். என் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தார்.

பத்தாம் நாள் அந்தத் தாய் ஒரு பலாப்பழத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். யார் என்று தெரிந்ததும் பெரியப்பா தெருவில் இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு அவள் முன் நின்றார். அவளோ அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஒங்க கடுதாசிய எங்கூரு ஓட்டல்காரரு வாசிச்சாரு, ஊரே கேட்டுச்சு. ஒங்க மடியிலதான் கண்ண மூடுனானாமே தம்பி! கடைசியா என்ன கேட்டான் எம்புள்ள?"

பெரியப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"தண்ணி கேட்டான்."

"குடுத்தியளா?"

அவள் பிடியிலிருந்து கைகளை விடுவித்துக்கொண்டு, "குடுத்தேன் ஆச்சி" என்றார்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்துதான் என் நோட்டைப் பிடுங்கினார். "ஒன்னப் படிக்க வச்சது இதுக்குத்தானாட்டி?"

ஊர் முன்னால் அவர் மானத்தைக் காப்பாற்றியவள் நான். என்ன நன்றிகெட்ட மனிதர் என்று குமுறினேன். இன்று அந்தக் கெட்டிக்காரச் சிறுமி எதிரே வந்தால் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விடுவேன். பெற்றவள் தேடி வந்து தன் முகத்தில் காறித் துப்பட்டும் என்றுதான் அவர் அந்தக் கடிதத்தை எழுதச் சொன்னார் என்பது அந்தச் சிறுமிக்குத் தெரியவில்லை.