கருவாட்டுப் பாயில் காய்ந்த ஃப்ளாப்பி

"இதுல உள்ளது எல்லாம் அதுலயும் இருக்கு. பின்ன அது மட்டும் ஏன் ஓடல்ல மக்கா?"

உம்மா இப்படிக் கேட்டாள். அவள் கையில் பழைய ஃப்ளாப்பி டிஸ்க். என் லேப்டாப்பில் அதிலிருந்து நான் எடுத்த நகல். பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருளில் நகலை ஓட்டினால் விளையாட்டின் பெயர் வரும், இசை வரும், பிறகு அசல் டிஸ்க்கைப் போடச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றுவிடும்.

என் உம்மா ஹமீதா பீவி தேங்காப்பட்டணத்தில் பர்தா தைக்கிறாள். அளவெடுக்க ஸ்கூட்டியில் குளச்சல் வரை போவாள். பட்டன் வைக்கும்போதுகூடப் பக்கத்தில் ஃபோனில் ஏதாவது விளையாட்டு ஓடும். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுடைய வாப்பா குவைத்திலிருந்து டிவியில் மாட்டும் ஒரு கணினியும் ஒரே ஒரு விளையாட்டும் கொண்டுவந்தாராம். கடலில் மூழ்கி முத்து எடுக்க வேண்டும், சுறாவிடம் மாட்டக்கூடாது. உம்மாவும், அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் ஷரீஃப் மாமாவும் அதற்காக அடித்துக்கொள்வார்கள். உம்மாவுக்குக் கல்யாணமான பிறகு உப்புக் காற்றில் கணினி செத்துப்போனது. டிஸ்க் மட்டும் பெட்டியில் தங்கியது.

மாமா கருவாட்டு வியாபாரி. எந்தக் கல்யாண வீட்டிலும் பிரியாணிக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஆரம்பித்துவிடுவார். "ஹமீதாவா? அவ டிஸ்க்கு போட்டுத் தருவா. ஜெயிச்சதெல்லாம் நான்." எல்லோரும் சிரிப்பார்கள். உம்மாவும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உடைப்பாள். கல்யாணத்துக்கு முன்பே மாமாவைத் தோற்கடித்துவிட்டதாக அவள் சொல்வதை நம்ப ஆளில்லை. ஜெயித்தவர்களின் பெயர்கள் அந்த டிஸ்க்கிலேயே பதிந்திருக்கும். ஆனால் விளையாட்டு ஓடினால்தான் தெரியும்.

"நகல் ஓடல்லியா?" மாமாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "ஒனக்க மானத்த படச்சவன் காத்தான் ஏட்டி."

பழைய டிஸ்க்குகளைச் சேமிப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் நான் கேட்டுவைத்தேன். ஆரல்வாய்மொழியில் காற்றாலை வேலை பார்க்கும் டெல்வின் ஃபோன் செய்தான். என்னைவிட ஓரிரு வயது கூடுதல் இருக்கும். டிஸ்க்கில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று கேட்டான். இருந்தன. "பூஞ்சை. நீங்க ஒண்ணும் செய்யாதீங்க, ஞாயித்துக்கெழம வாரேன்" என்றான்.

பூஞ்சை என்ற சொல் மாமாவின் காதில் விழுந்துவிட்டது. கருவாட்டுக்காரருக்குப் பூஞ்சை என்றால் ஒரே வைத்தியம் வெயில். நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள், மாமா வீட்டு முற்றத்து ஓலைப் பாயில், நெத்திலிக்கும் சாளைக்கும் நடுவில் டிஸ்க் மல்லாந்து கிடந்தது. உறை பப்படம் மாதிரி வளைந்திருந்தது.

"வேணும்னே செஞ்சியளா காக்கா?" உம்மாவின் குரல் உடைந்தது.

"அல்லாவாண இல்ல ஏட்டி! நெத்திலியவே காப்பாத்துத கையாக்கும் இது." மாமாவின் முகத்தைப் பார்த்தால் பொய் என்று சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டெல்வின் டிஸ்க்கை முகர்ந்து பார்த்தான். "நெத்திலியா?"

"சாளையும் உண்டு" என்றாள் உம்மா.

வளைந்த உறையைப் பிளந்து உள்ளே இருந்த மெல்லிய பழுப்பு வட்டை எடுத்தான். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மெல்லத் துடைத்து, வேறொரு ஃப்ளாப்பியின் உறைக்குள் மாற்றினான். அப்போதுதான் உம்மாவின் கேள்வியை நான் அவனிடம் கேட்டேன்.

"காப்பி எடுக்கும்போ ஒரு எடத்துல எர்ரர் காட்டிச்சா?"

"காட்டிச்சு. அந்த எடத்த நெரப்பிச் சரியாக்கிட்டேன்."

"அதாங்க போச்சு."

விளையாட்டைச் செய்தவர்கள் வேண்டுமென்றே டிஸ்க்கில் ஓர் இடத்தில் பழுதை வைத்திருந்தார்கள். சாதாரணக் கணினியால் அந்தப் பழுதை எழுத முடியாது. பெயரும் இசையும் முடிந்ததும் விளையாட்டு அதைத்தான் தேடும். பழுது இருந்தால் அசல், இல்லாவிட்டால் திருட்டு நகல். நான் அதைத்தான் அக்கறையாகத் துடைத்து வைத்திருக்கிறேன்!

"பழுது இருந்தாத்தான் அசலா?" உம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பம் எங்க காக்கா அசலுக்க அசல்!"

டெல்வின் ஒரு சின்ன மின்சுற்றுப் பலகையை ஃப்ளாப்பி டிரைவோடு இணைத்தான். அது டிஸ்க்கில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது. காந்தப் பதிவு எப்படிக் கிடக்கிறதோ, பழுதும் சேர்த்து, அப்படியே அள்ளிக்கொள்ளும். "வட்டுல உள்ள காந்தப் பூச்சு உரிஞ்சா முடிஞ்சிச்சு ஆன்ட்டி. மறுபடி படிக்க முடியாது" என்றான். டிரைவ் கரகரவென்று சத்தம் போட்டது. உம்மா என் தோளைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். மாமா கையேந்தி துவா செய்தார், யாருக்காக என்று தெரியவில்லை.

சத்தம் நின்றது. புதிய நகலை ஓட்டினோம். பெயர் வந்தது. இசை வந்தது. அந்த வரி வரவில்லை. நீலமாகக் கடல் விரிந்தது!

உம்மா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். பட்டியலைத் திறந்தேன். முதல் இடம், ஹமி. இரண்டாம் இடம், ஹமி. மூன்றாம் இடமும் ஹமி. நான்காவதாக ஷரீஃப்.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "அது வேற ஹமியா இருக்கும்" என்றார்.

உம்மா கழுத்தில் அளவு நாடாவோடு முன்னறையைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டாள். பிறகு லேப்டாப்பின் முன் உட்கார்ந்து முத்து எடுக்க ஆரம்பித்தாள். "எனக்கொரு ஆட்டம் தா ஏட்டி" என்று மாமா கெஞ்சினார். "டிஸ்க்கு போட்டுத் தாங்க காக்கா, பாப்போம்" என்றாள்.

அடுத்த கல்யாண வீட்டில் மாமா வாயே திறக்காமல் சாப்பிட்டார். உம்மாவுக்கு அது போதவில்லை. மாமாவின் கதை இத்தனை வருஷத்தில் குளச்சல் தாண்டி, துபாய் வரை போயிருக்கிறது. அதனால் இதைப் படிக்கும் உங்களிடம் கேட்கிறேன். ஃபோனில் அனுப்புங்கள், பிரியாணிக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். எதை மறந்தாலும் பரவாயில்லை, முதல் மூன்று இடமும் ஹமீதா பீவிக்கு என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.