சேதுவுக்குப் பின்னால் பதி இல்லை

கணேசலிங்கத்துக்குக் கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டார். பிரஷ் கழுவ ஆரம்பித்துவிடுவார். அன்றைக்குக் காலையில் தொட்டே பார்க்காத நாலு பிரஷ்ஷைத் தின்னரில் முக்கி முக்கிக் கழுவினார். அவர் மனைவி குணபூஷணி ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்றைக்கு இந்த மனிதரிடம் எதுவும் கேட்பதற்கில்லை என்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கோபத்துக்குக் காரணம் ஒரு செப்புக்காசு. கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும்.

கணேசலிங்கம் போர்டு எழுதுகிறவர். ஊர் யாழ்ப்பாணத்துக் கோப்பாய். தொண்ணூறாம் வருடம் இருபத்திரண்டு வயதில், ஒரு படகில் இருபத்தேழு பேரோடு நெருக்கியடித்துக்கொண்டு வந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை மணலில் இறங்கினார். அன்றைக்கு மண்டபம் முகாமுக்குள் வந்தவர்தான். கல்யாணம் முகாமில், பிள்ளைப்பேறு முகாமில், நரைத்ததும் முகாமில். இடையில் அரசாங்கம் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை மாற்றி 'மறுவாழ்வு முகாம்' என்று வைத்தது. பெயர் மாறினாலும் பத்துக்குப் பத்து வீடு பத்துக்குப் பத்தாகத்தான் இருந்தது. பெயர் எழுதியே பிழைக்கிற மனிதருக்கு, பெயரால் என்ன ஆகும், என்ன ஆகாது என்று நன்றாகவே தெரியும்.

இராமேஸ்வரம் தீவில் அவர் கை படாத தெரு கிடையாது. இந்தச் சீமையில் யார் கடை திறந்தாலும் சேதுவைத் தவிர வேறு பெயர் தோன்றுவதில்லை. சேது டீ ஸ்டால், சேது சைக்கிள் மார்ட், சேது சங்குக் கடை, சேது சிகை அலங்காரம். முப்பத்தைந்து வருடத்தில் நூறு சேதுவாவது எழுதியிருப்பார். கண்ணை மூடிக்கொண்டு எழுதச் சொன்னாலும் 'சே'யின் கொம்பு கோணாது.

அப்படிப்பட்டவரிடம்தான் மருதுபாண்டி வேலையைக் கொடுத்தார். மருதுபாண்டிக்கு இராமேஸ்வரத்தில் மூன்று மாடி லாட்ஜ் இருக்கிறது. கூடவே வரலாற்றுப் பித்தும் உண்டு. நாலைந்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு வரலாற்றுக் குழு வைத்து, அதற்குத் தானே செயலாளராகி, லாட்ஜின் மாடி மண்டபத்தில் பழங்காசுக் கண்காட்சி ஒன்று வைக்க ஏற்பாடு செய்தார். நாற்பத்திரண்டு காசு, நாற்பத்திரண்டு சின்னப் பலகை. ஃபிளெக்ஸ் அடித்தால் மரியாதையாக இருக்காது, கையெழுத்துதான் வேண்டும் என்றார். அந்த ரசனைக்காகக் கணேசலிங்கத்துக்கு அவரைப் பிடிக்கத்தான் செய்தது.

முப்பத்தாறு பலகை வரை வேலை ஆனந்தமாகப் போனது. ஒரு பக்கம் நிற்கிற ராஜாவும் மறுபக்கம் உட்கார்ந்த ராஜாவுமாகச் சோழர் காசு. இரட்டை மீன் போட்ட பாண்டியர் காசு. அதிலே தேய்ந்த எழுத்தில் 'சுந்தரபாண்டியன்'. ஒவ்வொரு காசையும் பூதக்கண்ணாடியில் பார்த்து, எழுநூறு வருடத்துக்கு முந்தின அச்சுக்காரன் இடம் போதாமல் கடைசி எழுத்தை எப்படி ஒடுக்கியிருக்கிறான் என்று கண்டுபிடித்து, தன் தொழில்காரனை நேரில் சந்தித்துவிட்ட மாதிரி சிரித்துக்கொள்வார்.

முப்பத்தேழாவது டப்பாவைத் திறந்ததும் சிரிப்பு நின்றது. ஒரு பக்கம் நிற்கிற மனிதன். திருப்பினால் படுத்திருக்கிற காளை, மேலே பிறை, கீழே இரண்டே எழுத்து: சேது. மருதுபாண்டி டைப் செய்து கொடுத்த தாளில் அதற்கு எழுதியிருந்தது: 'சேதுபதி மன்னர் காசு. பதினேழாம் நூற்றாண்டு. தனுஷ்கோடி.'

இது தப்பு என்று அவருக்குத் தெரியும். கோப்பாயில் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போன வழி நல்லூர் ராஜாக்கள் ஆண்ட மண். பனங்கிழங்குக்குக் கொத்தும்போது இதே காளைக்காசு அவர் அய்யாவின் மண்வெட்டியில் ஒருமுறை தட்டுப்பட்டது. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் அடித்த காசு அது. நந்திதான் அவர்கள் கொடி, சேதுதான் அவர்கள் முத்திரைச் சொல். காரணமும் உண்டு. அவர்கள் பரம்பரையே இந்த இராமேஸ்வரக் கரையிலிருந்து, பாண்டியர் படையோடு கடல் தாண்டி அங்கே போனது என்பார்கள். இங்கேயிருந்து போனவர்கள் அங்கே ராஜாவானார்கள். அங்கேயிருந்து வந்த கணேசலிங்கம் இங்கே அகதியானார். கடல் என்னவோ ஒன்றுதான்.

போன் செய்தார். மருதுபாண்டி பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, இராமேஸ்வரத்தில் சேது என்றால் இந்தச் சீமையை ஆண்ட சேதுபதி என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும் என்றார். எழுத்து இரண்டுதானே இருக்கிறது என்றதற்கு, 'பதி' தேய்ந்து போயிருக்கும் என்றார். அதற்கு அத்தாட்சியும் வைத்திருந்தார். காசைக் கண்டெடுத்தவன் எட்வர்ட். தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கிறவன். காற்றுக் காலத்தில் கடல் கரையை அரித்துப் போட்ட இடத்தில் அகப்பட்டது. பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்த காசை அவன் பெண்டாட்டி ஜோதிமேரி, செம்புக்குடம் விளக்குகிற மாதிரி புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து கொடுத்தாள். அந்தத் தேய்ப்பில் போனதுதான் 'பதி'.

கணேசலிங்கத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மறுநாளே பஸ் ஏறிப் பாம்பன் பாலம் தாண்டி, லாட்ஜில் அந்தக் காசை மருதுபாண்டியின் மேசையில் வைத்து விளக்கினார். போர்டு எழுதுகிறவன் எவனாக இருந்தாலும் முதலில் இடத்தை அளப்பான், பிறகுதான் எழுத்தை வைப்பான். இந்த இரண்டு எழுத்தும் காளையின் வயிற்றுக்கு நேர் கீழே, நட்டநடுவில் உட்கார்ந்திருக்கின்றன. 'பதி'யும் வருவதாக இருந்தால் 'சே' முன்னங்காலுக்குக் கீழேயே தொடங்கியிருக்கும். 'து'வுக்குப் பிறகு கொஞ்சம் வெற்றிடம், அதற்கப்புறம் ஓரத்துப் புள்ளிவரிசை. ஒரு புள்ளிகூட அழியவில்லை.

"புளி எழுத்தை மட்டும் தேடித் தின்னுமோ ஐயா? பக்கத்தில புள்ளியெல்லாம் அப்பிடியே நிக்குதே."

மருதுபாண்டி குனிந்து பார்த்தார். பார்த்த முகத்தில் ஒரு சந்தேகம் வந்ததைக் கணேசலிங்கம் கண்ணால் கண்டார். ஆனால் அழைப்பிதழ் அச்சாகியிருந்தது. அதில் 'சேதுபதி காசு முதன்முறையாகக் காட்சிக்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சந்தேகம் வந்த வழியே போய்விட்டது.

அப்படியும் விடாமல் எட்வர்ட் வீட்டுக்குப் போனார். விளக்குவதற்கு முன்னால் காசு எப்படி இருந்தது என்று ஜோதிமேரியைக் கேட்டார். தான் மாட்டைத்தான் பார்த்ததாகவும் எழுத்தைப் பார்க்கவில்லை என்றும் அவள் சொன்னாள். எட்வர்ட், எடுத்த அன்றைக்கே போட்டோ பிடித்தேன் என்று சட்டைப்பையைத் தடவினான். கணேசலிங்கத்துக்கு உயிர் வந்தது. அடுத்த வாக்கியத்தில், அந்த போன் போன மாதம் வலையோடு கடலுக்குள் போய்விட்டது என்றான். சொல்லிவிட்டு ஒரு கிளாஸ் டீயும் கொடுத்தான். அந்த டீ அவருக்கு இறங்கவே இல்லை.

இத்தனை பாடு ஒரு பலகைக்கா என்று கேட்கலாம். குணபூஷணி கேட்டார். கேட்க அவருக்கு நியாயமும் இருந்தது. அவர்களுடைய ஒரே மகள் தக்ஷாயினி, முப்பத்தொரு வயதுக்காரி, மருதுபாண்டியின் லாட்ஜில்தான் வரவேற்பு மேசையில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறாள். பிறந்தது மண்டபம் ஆஸ்பத்திரியில். இலங்கையை அவள் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறாள். ஆனாலும் முகாம் அட்டையில் அவளுக்கு நாடு இலங்கை. குடியுரிமை கேட்டு மதுரை வக்கீல் மூலம் மனு போடுகிறார்கள். அதோடு சேர்க்க வேலை கொடுத்தவரின் சான்றுக் கடிதம் ஒன்று வேண்டும். தருகிறேன் என்று மருதுபாண்டி சொல்லியிருக்கிறார். கண்காட்சி முடியட்டும், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். இந்த நேரத்தில் அந்த மனுஷரோடு முட்டிக்கொள்ள வேண்டுமா, சொன்னதை எழுதிவிட்டு வந்தால் கை அழுகிவிடுமா என்று கேட்டார் குணபூஷணி. கணேசலிங்கம் எழுந்து போய் பிரஷ் கழுவினார்.

ஆக, பலகையில் உண்மையை எழுதினால் மகளின் கடிதம் போகும். கடிதம் வேண்டுமானால் பொய்யை எழுத வேண்டும், அதுவும் தன் கையால், தன் ஊர் ராஜாவின் காசுக்கு. திறப்புவிழாவுக்கு முந்தின நாள் பிற்பகல் வரை அந்த ஒரு பலகை வெள்ளையாகவே கிடந்தது. மற்ற நாற்பத்தொன்றும் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வரிசையாக ஏறிவிட்டன.

மருதுபாண்டி மாடிக்கு வந்தார். கூடவே தேநீர்த் தட்டோடு தக்ஷாயினி. வெள்ளைப் பலகையைப் பார்த்ததும் அவர் குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஏன் கணேசா, இன்னுமா அதையே புடிச்சுக்கிட்டு இருக்க? எந்த ராசா அடிச்சான்னு எவனும் பாக்கப் போறதில்ல. காசு இங்கன கெடச்சது. இங்கன கெடச்சா நம்ம மண்ணுக்காசு. அம்புட்டுத்தான்."

கணேசலிங்கம் மகளின் முகத்தைப் பார்த்தார். கடிதம் கண்முன்னால் நின்றது. சரி, எழுதித் தொலைக்கிறேன் என்று பிரஷ்ஷை எடுத்துக் கறுப்புப் பெயின்டில் தோய்த்தும்விட்டார். அப்போது தக்ஷாயினி தட்டைப் பெட்டிமேல் வைத்தாள். வீட்டில் அம்மா, அப்பாவின் யாழ்ப்பாணத் தமிழும் வெளியில் இந்த ஊர்த்தமிழும் பேசுகிறவள் அவள். அன்றைக்கு அவள் வாயில் வந்தது சுத்தமான இராமநாதபுரத்துப் பேச்சு.

"சார், இங்கன கெடச்சா நம்ம காசு. இங்கன பெறந்தா?"

மருதுபாண்டி சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

"அது வேற தாயி," என்றார். "இது காசு."

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். போனை எடுத்துப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை. யாரோ கூப்பிட்ட மாதிரி ஜன்னல் பக்கம் நகர்ந்தார்.

"அப்பா, சரியானதை எழுதுங்கோ," என்றாள் தக்ஷாயினி, வீட்டுத் தமிழில்.

எழுதினார். அவசரப்படவில்லை, ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். 'யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் காசு. கிடைத்த இடம்: தனுஷ்கோடி.' முடித்துப் பெட்டிக்குள் வைத்தார். மருதுபாண்டி வந்து நின்று வாசித்தார். எடுத்துவிடச் சொல்லவில்லை, வேறு பலகை எழுத நேரமும் இல்லை. எழுத்து நல்லாத்தான் இருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

சாயங்காலம் மண்டபம் போகிற பஸ்ஸில் கணேசலிங்கத்துக்கு நிம்மதி வரவில்லை. ஜெயித்த மாதிரியே இல்லை. ஒரு செத்துப்போன ராஜாவுக்காகப் பெற்ற பிள்ளையின் காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது. பாலம் ஏறுகிற வரை பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை.

"உன்ர கடிதத்தை நான் பாழாக்கிப்போட்டன் பிள்ளை."

தக்ஷாயினி பைக்குள் பஸ் டிக்கெட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"அந்தக் கடிதம் போன கிழமையே ரெடியப்பா, கையெழுத்துத்தான் மிச்சம். பாழாக்க அதில என்ன இருக்கு? அவர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் பண்ணினனான். முதல் வரி, 'இலங்கையைச் சேர்ந்த தக்ஷாயினி என்பவர்.' ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடிச்சுக் குடுத்தனான்."